வாசகர் வருமுன் முடிந்த வேலை

இணையப் பக்கம் ஒன்றின் முகவரியைத் தட்டினால், அந்தப் பக்கம் எங்கோ ஒரு வட்டில் ஆயத்தமாகக் கிடக்கிறது, அப்படியே நம்மிடம் வந்து சேர்கிறது என்றுதான் தோன்றும். பெரும்பாலான தளங்களில் பக்கம் பிறப்பதே நாம் கேட்ட பிறகுதான். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் இயங்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். கோரிக்கை வந்ததும் சர்வரில் ஒரு பிஎச்பி நிரல் ஓடத் தொடங்குகிறது. கட்டுரையின் தலைப்பு, உடல், எழுதியவர் பெயர், ஓரத்தில் காட்ட வேண்டிய அண்மைக் கட்டுரைகள், மெனுவின் வரிசை என ஒவ்வொன்றையும் தரவுத்தளத்திடம் கேட்டு வாங்குகிறது. வாங்கியதை வார்ப்புருவில் பொருத்தி, எச்டிஎம்எல்லாக மாற்றி அனுப்புகிறது. அனுப்பியதும் அந்தப் பக்கம் மறைந்துவிடும். அடுத்த வாசகர் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. கட்டுரை 3 ஆண்டுகளாக ஓர் எழுத்துகூட மாறாததாக இருக்கலாம். பத்தாயிரம் பேர் படித்தால் பத்தாயிரம் முறை அது செய்யப்படுகிறது. எல்லா வாசகருக்கும் ஒன்றுபோலத் தெரியும் ஒரு பக்கத்தை, எழுதுகிறவர் பக்கத்திலேயே ஒரே முறை செய்து முடித்துவிட வேண்டும். அந்தச் செய்முறையை யாரும் திரும்ப ஓட்டிப் பார்க்கும்படி ஒரு கட்டளையாக எழுதிவைக்க வேண்டும். இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான்.

முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது கணினியைவிட மிகப் பழைய உத்தி. சந்திரன் வானில் ஒரே சீரான வேகத்தில் நகர்வதில்லை; விரைவதும் தளர்வதுமாக அது போகிறது. அந்த வேக மாற்றம் 248 நாட்களில் ஏறத்தாழ 9 சுற்றுகளை முடிக்கிறது. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள், அந்த நாட்கள் ஒவ்வொன்றிலும் சந்திரன் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்ற எண்ணை, கடபயாதி முறைப்படி எழுத்துகளில் பொதிந்து வைத்திருக்கின்றன. கடினமான கணக்கை யாரோ ஒரு முறை போட்டுவிட்டார். பின்வந்தவர்களுக்கு வேண்டியதெல்லாம் சரியான வாக்கியத்தை எடுத்துக் கூட்டிக் கழிப்பதுதான். 1825இல் சென்னையில் வெளியான 'காலசங்கலித' என்ற நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சிப்பிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிப்பு கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. தாளும் எழுதுகோலும் இல்லாமல் ஒருவர் இவ்வளவு நெருங்க முடிந்ததற்குக் காரணம், வேலையின் பெரும்பகுதி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்ததுதான். மாறாத ஒன்றைத் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவது வீண் என்ற அறிவு இதில் இருக்கிறது.

இணையத்தில் அந்த அறிவுக்கு உருக்கொடுப்பவை, முழுத் தளத்தையும் முன்கூட்டியே கோப்புகளாகச் செய்து வைக்கும் ஸ்டேடிக் தள உருவாக்கிகள். கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008இல் ரூபி மொழியில் எழுதிய ஜெக்கில் இந்த வகையைப் பரவலாக்கியது. 2013இல் ஸ்டீவ் பிரான்சியா கோ மொழியில் எழுதிய ஹியூகோவை இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். காரணம் எளிது: ஹியூகோ என்பது ஒரே ஓர் இயங்கு கோப்பு. கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலைத் திறந்து, புதிய தளம் வேண்டும் என்று ஒரு வரியில் கட்டளையிட்டால், சில கோப்புறைகளை அது உருவாக்கித் தருகிறது. ஒன்றில் கட்டுரைகள், ஒன்றில் வார்ப்புருக்கள், ஒன்றில் மாற்றமின்றி அப்படியே போய்ச் சேர வேண்டிய படங்கள். கட்டுரை என்பது, ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் முறையில் எழுதிய வெறும் உரைக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறக்கும். அதன் தலையில் தலைப்பு, தேதி, இன்னும் வரைவா முடிந்ததா என்ற குறிப்பு ஆகியவை சில வரிகளில் இருக்கும். பக்கத்தின் முகவரியையும் இங்கேயே தரலாம். தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல் 5 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதப்படும்போது 45 எழுத்துகளாக நீளும். ஒரு முழுத் தலைப்பே முகவரியானால், அதை நகலெடுத்து அனுப்பும்போது படிக்கவே முடியாத சரமாகிவிடும்.

எழுதும்போது 'சர்வர்' என்ற துணைக்கட்டளையோடு ஹியூகோவை ஓட்டினால், நம் கணினிக்குள்ளேயே 1313 என்ற போர்ட்டில் தளம் தெரியும். கோப்பைச் சேமித்த மறுகணம் உலாவியில் பக்கம் தானாகப் புதுப்பிக்கப்படும். எழுதி முடித்ததும் 'ஹியூகோ' என்று மட்டும் தட்டி என்டரை அழுத்தினால், எல்லாக் கட்டுரைகளையும் படித்து, வார்ப்புருவில் வார்த்து, 'பப்ளிக்' என்ற கோப்புறையில் முழுத் தளத்தையும் வைத்துவிடுகிறது. வரைவு என்று குறித்தவை அதில் சேராது. பக்கம் ஒன்றுக்கு ஒரு மில்லிவினாடிக்கும் குறைவாகவே ஆகும் என்று ஹியூகோவை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கோப்புறையில் தரவுத்தளமும் இல்லை, நிரல் மொழியும் இல்லை. உலாவி நேரடியாகப் படிக்கும் கோப்புகள் மட்டுமே. அதை சர்வருக்கு அனுப்ப, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கெராஸும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் போதும். இரு பக்கமும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. கணிதத்தின் கண்ணால் பார்த்தால் முழுத் தளமும் ஒரு சார்பு. அதே உரை, அதே வார்ப்புரு, அதே பதிப்பு என்றால் வெளிவருவதும் அதுவே. வார்ப்புருவில் இன்றைய தேதியை அச்சிடச் சொல்லியிருந்தாலொழிய, நாளும் இடமும் அதை மாற்றுவதில்லை.

இதற்கு எதற்குக் கட்டளை வரி, ஒரு பொத்தான் போதாதா என்று கேட்கலாம். பொத்தானை அழுத்தியது யார், எந்தத் தேர்வுகளோடு, எந்த வரிசையில் என்பதற்குத் தடம் இருக்காது. கட்டளை என்பது எழுத்து. அதைக் கோப்பில் சேமிக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம், ஆறு மாதம் கழித்து எடுத்து ஓட்டலாம், வேறொரு கட்டளையோடு கோர்க்கலாம். பெல் ஆய்வகத்தில் 1973இல் யூனிக்ஸுக்குள் வந்த குழாய் அமைப்பு, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாக்கியது. டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்த கருத்து அது. அதே ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று நாம் எழுதிக்கொடுத்தால், கோப்புகளின் நேரக்குறிகளை ஒப்பிட்டு, பழையதாகிப் போனவற்றை மட்டும் அது மறுபடி உருவாக்கும். தளம் என்பதும் இத்தகைய சார்புகளின் வலைதான். ஒரு கட்டுரையின் தலைப்பை மாற்றினால் அந்தப் பக்கம் மட்டும் மாறாது. முகப்பு, மாதவாரிப் பட்டியல், அந்தக் குறிச்சொல்லின் பக்கம், ஊட்டக் கோப்பு எல்லாம் மாற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தளம் தன்னோடு தானே முரண்படும். ஹியூகோ தன் வேகத்தை நம்பி, முழுக் கட்டுமானத்தின்போது எல்லாப் பக்கங்களையும் புதிதாகவே செய்துவிடுகிறது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்ய 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் இதனோடு சேர்ந்தபோது படம் முழுமையானது. கட்டுரைகள் உரைக் கோப்புகளாக இருப்பதால், எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பதெல்லாம் வரலாறாக நிற்கிறது. மாற்றத்தை அனுப்பியதும் எங்கோ இருக்கும் ஓர் இயந்திரம் அதே கட்டளையை ஓட்டித் தளத்தை வெளியிடும்படியும் செய்யலாம். மனிதர் தட்டினாலும் இயந்திரம் தட்டினாலும் கட்டளை ஒன்றே.

இனி, இதனால் வாசகருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். ஒளியிழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. வேகத்தில் போகிறது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 13,500 கி.மீ. போய்வர 27,000 கி.மீ.; எவ்வளவு விரைவான சர்வரானாலும் 135 மில்லிவினாடிக்குக் கீழே இறங்க இயற்பியல் இடம்தராது. கேபிள்கள் வளைந்து போவதால் உண்மையில் இன்னும் அதிகம். இந்த வரம்பைத் தாண்ட ஒரே வழி, பக்கத்தை வாசகருக்கு அருகில் கொண்டுவந்து வைப்பது. முடிந்த கோப்பை உலகின் நூறு நகரங்களில் நகலெடுத்து வைப்பது எளிது. கேட்டபின் செய்யப்படும் பக்கத்துக்கு நிரலையும் தரவுத்தளத்தையும் அங்கெல்லாம் நிறுவி, ஒன்றோடொன்று ஒத்திசைவாகவும் வைத்திருக்க வேண்டும். அது பெரிய நிறுவனங்களையே திணறவைக்கும் வேலை.

ஒரே நேரத்தில் பலர் வரும்போது ஏறும் சுமையைப் பற்றிய சான்று அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம். 2013 ஜூனில் புதுப்பிக்கப்பட்ட அதன் தகவல் பகுதி ஜெக்கிலைக் கொண்டு ஸ்டேடிக் பக்கங்களாகச் செய்யப்பட்டிருந்தது. அக்டோபர் 1 அன்று காப்பீட்டுச் சந்தை திறந்தபோது கூட்டம் குவிந்து, கணக்குத் தொடங்கும் கட்டத்திலேயே தளம் தடுமாறியது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர் என்று பின்னர் பிரதிநிதிகள் சபைக் குழு வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல: போதாத சோதனை, சிதறிய பொறுப்பு, கடைசி நேர மாற்றங்கள். இதையெல்லாம் ஒரே ஒரு தொழில்நுட்பத் தேர்வின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. ஆனால் ஒரு முடிவு நம் வாதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. திட்டங்களின் விலையைப் பார்க்க மட்டும் வந்தவர்களும் முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஒரே வட்டாரத்தில் வயதும் புகையிலைப் பழக்கமும் ஒத்த எல்லோருக்கும் பட்டியல் விலை ஒன்றாகவே இருந்திருக்கும். முன்கூட்டியே பக்கங்களாகச் செய்து வைத்திருக்கக்கூடிய பொதுத் தகவல் அது. அதை ஆளாளுக்கு அடையாளம் சரிபார்க்கும் இயந்திரத்தின் பின்னால் பூட்டியதால், பார்க்க வந்தவர்களின் நெரிசல் வாங்க வந்தவர்களின் வழியையும் அடைத்துவிட்டது.

பாதுகாப்பைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் மென்பொருளில் தரவுத்தளத்துக்குள் கட்டளையைப் புகுத்தும் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தாத எந்தத் தளமும் களவாடப்பட்டுவிட்டதாகவே கருதிச் செயல்படும்படி ட்ரூபல் குழுவே பின்னர் அறிவுறுத்தியது. நம் ஊரில் இரவு தூங்கி எழுவதற்குள் காலக்கெடு முடிந்திருக்கும். பொதுவெளியில் தரவுத்தளமே இல்லாத தளத்தில் புகுத்துவதற்கு இடமில்லை. சர்வரின் கடவுச்சொல்லோ, வெளியிடும் சாவியோ திருடுபோனால் ஸ்டேடிக் தளமும் வீழும் என்பது உண்மைதான். காவல் காக்க வேண்டிய வாசல்கள் குறைகின்றன என்பதே இதன் பயன்.

வரலாறு இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம், வலுவான மறுப்புதான். 2001இல் வந்த மூவபிள் டைப் பக்கங்களை முன்கூட்டியே செய்து வைக்கும் மென்பொருள். 2003இல் வேர்ட்பிரஸ் வந்து அதை மிஞ்சிச் சென்றது. 2004இல் மூவபிள் டைப் உரிம விதிகளை மாற்றியது பலரை விலக வைத்தது. இன்னொரு காரணம் தொழில்நுட்பமானது: தளம் பெரிதாகப் பெரிதாக, ஒரு சிறு மாற்றத்துக்கும் 'மறுகட்டுமானம்' முடியக் காத்திருக்க வேண்டியிருந்தது. வேர்ட்பிரஸில் பொத்தானை அழுத்தியதும் மாற்றம் தெரிந்தது. அன்று மக்கள் சரியாகவே தேர்ந்தார்கள் என்பது என் கருத்து. ஆனால் மறுகட்டுமானம் அன்று நடந்தது பலரும் பகிர்ந்துகொண்ட மெலிந்த சர்வரில், பெர்ல் நிரலாக. இன்று அது எழுதுகிறவரின் சொந்தக் கணினியில், பல கருக்கள் கொண்ட செயலியில், இயந்திர மொழிக்குத் தொகுக்கப்பட்ட நிரலாக ஓடுகிறது. அன்று தோற்றது காத்திருப்பு. அது போய்விட்டபின், அந்தத் தோல்வியை இன்றைய கருவிகளுக்கு எதிரான சான்றாக வைக்க முடியாது.

வேர்ட்பிரஸிலேயே கேஷ் செருகியைப் போட்டால் செய்த பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி தந்துவிடுமே என்பது அடுத்த மறுப்பு. தரும். அப்படிச் செய்யும்போது, முன்கூட்டிச் செய்துவைப்பதே சரி என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் எந்தச் சேமிப்பு எப்போது பழையதாகிறது என்று கண்டுபிடிப்பது கணினியியலின் பிடிவாதமான சிக்கல்களில் ஒன்று. தலைப்பை மாற்றிய பிறகும் முகப்பில் பழைய தலைப்பே நிற்கும் தளங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. அதோடு பின்னால் இருக்கும் நிரலும் தரவுத்தளமும் பொதுவெளியில் திறந்தபடியே இருக்கின்றன. வேகம் கிடைக்கிறது, எளிமை கிடைப்பதில்லை.

ஊடாட்டம் வேண்டுமே, வெறும் கோப்பு என்ன செய்யும் என்பார்கள். 2012இல் ஒபாமாவின் தேர்தல் பிரசாரத்துக்கு ஏறத்தாழ 25 கோடி டாலர் திரட்டிய நன்கொடைத் தளத்தின் பக்கங்கள் ஜெக்கிலில் செய்யப்பட்டவை. பணம் செலுத்தும் கணத்தில் மட்டும் உலாவியில் உள்ள நிரல் வேறொரு சேவையோடு பேசியது. மாறாத பகுதியையும் மாறும் பகுதியையும் பிரிக்க முடிந்தால் போதும். தேடலையும் இப்படிக் கையாளலாம்: தளத்தைக் கட்டும்போதே சொல்லடைவையும் கட்டிவிட வேண்டும். பேஜ்ஃபைண்ட் என்ற கருவி அடைவைச் சிறு துண்டுகளாக்கி வைக்கிறது. தேடும் சொல்லுக்குரிய துண்டை மட்டும் உலாவி எடுத்துக்கொள்கிறது. தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'மரம்' என்று தேடுகிறவருக்கு 'மரத்தில்', 'மரங்களை' என்று வரும் இடங்களும் கிடைக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இரண்டுமே அகப்படாது. வேற்றுமை உருபுகளைக் களைந்து அடிச்சொல்லை நெருங்கும் வழிமுறை தமிழுக்கும் ஸ்னோபால் என்ற தொகுப்பில் இருக்கிறது. ஆயிரம் கட்டுரைகளின் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்க்கும் அந்தக் கடின வேலை கட்டுமானத்தின்போது ஒரு முறை நடந்துவிட வேண்டும். தேடும் வாசகரின் கைபேசி, அவர் தட்டிய ஒரு சொல்லை மட்டும் பிரித்தால் போதும். உருபு மலிந்த மொழிக்கு முன்கணிப்பு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, ஒவ்வொருவருக்கும் வேறுவேறாகத் தெரியும் எதுவும் இதற்குள் வராது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் செய்தி எழுதித் திருத்தும் பத்திரிகை அலுவலகத்தில், எல்லோரையும் டெர்மினல் முன் உட்காரவைப்பது கொடுமை. உரைக் கோப்புகளின் மேல் உலாவியில் திறக்கும் எழுதுபலகையைப் பொருத்தும் கருவிகள் உண்டென்றாலும், அங்கே வழக்கமான மென்பொருளே பொருந்தும். கருப்புத் திரையைக் கண்டு தயங்குகிறவரின் தயக்கத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு புள்ளி தவறினால் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. அதைத் தமிழில் விளக்கும் கையேடுகள் இன்னும் போதுமான அளவு இல்லை. இது நீக்கப்பட வேண்டிய உண்மையான தடை. ஆனால் நாள்தோறும் வேண்டியவை மூன்றே: புதிய கட்டுரையைத் தொடங்குவது, முன்னோட்டம் பார்ப்பது, கட்டி அனுப்புவது. தட்டச்சுப் பலகையில் தமிழ் எழுதக் கற்றவருக்கு இந்த மூன்று வரிகள் எட்டாதவை அல்ல.

கடைசி மறுப்பு காலம் பற்றியது. உருவாக்கிகளும் மூப்படைகின்றன: பழைய வார்ப்புரு புதிய பதிப்பில் ஓடாமல் போகும், ஜெக்கில் சார்ந்திருக்கும் ரூபி நூலகங்கள் ஒன்றோடொன்று மோதும். எந்தப் பதிப்பில் கட்டினோம் என்பதையும் கட்டுரைகளோடு சேர்த்து எழுதிவைப்பது இதற்கான நடைமுறைத் தீர்வு. அதுவும் தவறினால்கூட, உருவாக்கி இறந்ததால் தளம் இறப்பதில்லை. ஏற்கெனவே கட்டிய கோப்புகள் அப்படியே நிற்கும். 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் 2023க்குள் கிடைக்காமல் போய்விட்டதாக பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. ஆனால் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் தளத்தின் 1992ஆம் ஆண்டுப் பிரதியை செர்ன் 2013இல் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தபோது, அந்தக் கோப்புகளை இன்றைய உலாவிகள் தடையின்றித் திறந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும் இங்கே சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் அவை டிஸ்கி குறியீட்டில் வந்தன; அதற்கெனத் தனி எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது. கொம்பும் அது சேரும் மெய்யும் டிஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலும் யூனிகோடில் ஒலிக்கும் வரிசையிலும் அடுக்கப்படுகின்றன; எனவே மாற்றும்போது எழுத்துக்கு எழுத்து பதிலிடுவதோடு வரிசையையும் திருப்ப வேண்டும். அதற்கான விதிகள் ஓர் அட்டவணைக்குள் அடங்கிவிடும். மூலம் உரைக் கோப்பாகக் கையில் இருந்தால், ஒரு கோப்பை மாற்றும் அதே கட்டளை நூறு கோப்புகளையும் மாற்றும்.